மதுரை வெயிலில் காலண்டுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டில் காலண்டுலா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குளிர் கேட்கும் செடி, நம்ம ஊரில் இதற்கு வருஷத்தில் நாலைந்து மாதம்தான் காலம், அந்த மாதங்களைச் சரியாகப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம். பிடிக்காவிட்டால் எவ்வளவு உரம் போட்டாலும் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் செடி தேறாது.

காலண்டுலா என்றால் நம்ம செண்டுப்பூதானே?

இல்லை. இரண்டும் சாமந்திக் குடும்பம், இரண்டையும் விதைப் பாக்கெட்டில் மேரிகோல்டு என்றே அச்சடித்து விற்கிறார்கள், அதனால்தான் பலர் காலண்டுலா என்று நினைத்துச் செண்டு விதையை வாங்கிவந்து விடுகிறார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்குகிற செண்டு மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த செடி, வெயில் அதற்கு ஒரு பொருட்டே கிடையாது. காலண்டுலா மத்தியத்தரைக்கடல் பக்கத்துச் செடி, மிதமான குளிரில் பூக்கிறது.

விதையைக் கையில் கொட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். செண்டு விதை கறுப்பாக, ஊசி மாதிரி நீளமாக, ஒரு நுனியில் வெளிர் நிறத் தூவலோடு இருக்கும். காலண்டுலா விதை வெளிர் பழுப்பு, வளைந்து சுருண்டு, முதுகுப் பக்கம் முள்முள்ளாகச் சொரசொரக்கும், ஒரே பாக்கெட்டிலேயே சிறிசும் பெரிசுமாக, ஒன்றுக்கொன்று ஒட்டாத வடிவத்தில் கிடக்கும், அது தரக்குறைவு இல்லை, இயல்பே அப்படித்தான். இலையிலும் வித்தியாசம் உண்டு. செண்டு இலை சிறு சிறு இலைகளாகப் பிரிந்திருக்கும், காலண்டுலா இலை பிரியாமல் நீளமாக, மெல்லிய ரோமத்தோடு, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும்.

மதுரையில் இது உண்மையிலேயே வருமா? கொடைக்கானல் செடி இல்லையா?

வரும். கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த இடத்தில் கோடையிலும் பூக்கும், இங்கே அது நடக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழி, தை மாதங்களில் மதுரையில் ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது, பகல் 30 டிகிரி பக்கம் நிற்கிறது, காலண்டுலாவுக்கு அது போதும். அங்கே வருகிற அளவு பெரிய பூ இங்கே வராது, செடியும் அவ்வளவு நாள் நிற்காது. ஆனால் பொங்கலில் ஆரம்பித்து மாசி வரைக்கும் ஒரு தொட்டி நிறைய மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்து நிற்பதைப் பார்த்தவர்கள் அடுத்த வருஷமும் கண்டிப்பாக விதைப்பார்கள்.

எப்போது விதைக்க வேண்டும்?

தீபாவளி முடிந்து, ஐப்பசி கடைசியிலிருந்து கார்த்திகை பாதி வரைக்கும், அதாவது நவம்பர் முதல் வாரத்திலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. விதைத்து ஐம்பது அறுபது நாளில் பூ வரும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கார்த்திகை ஆரம்பத்தில் விதைத்தால் பொங்கல் முடிந்த கையோடு முதல் பூ. தை மாதத் தெப்பத் திருவிழா சமயத்தில் செடி நல்ல பூப்பில் இருக்கும்.

ஆவணி, புரட்டாசியில் விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவசரப்பட வேண்டாம். அப்போது மதுரையில் வெயில் இன்னும் குறைந்திருக்காது, இந்த விதை 15 முதல் 21 டிகிரி வரை மண் குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும், சூட்டில் பாதி முளைக்காது, முளைத்ததும் நோஞ்சானாகவே இருக்கும். ஜனவரியில் விதைத்தால் செடி வளர்ந்து மொட்டு விடுகிற நேரத்தில் பங்குனி வெயில் வந்துவிடும், சின்னச் சின்னதாக நாலு பூ பூத்துவிட்டு முடிந்துவிடும்.

எந்த ரகம் வாங்கலாம்?

தொட்டிக்கு என்றால் குட்டை ரகம் வாங்குங்கள். பான் பான், ஃபியஸ்டா கிதானா இரண்டும் ஒரு அடி உயரத்தில் அடக்கமாக நிற்கும். தரையில் வைக்க இடம் இருந்தால் பசிபிக் பியூட்டி நல்லது, மற்ற ரகங்களைவிடச் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தோலில் தடவும் எண்ணெய் செய்வதற்காகவே வளர்க்கிறீர்கள் என்றால் ரெசினா என்ற ரகம் இருக்கிறது, பூவில் பிசின் அதிகம். விதைக்கடையில் மேரிகோல்டு என்று மட்டும் கேட்காமல் காலண்டுலா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பாக்கெட்டில் என்ன வருஷம் போட்டிருக்கிறது என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

விதை முளைக்கவே இல்லை, ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று சூடு, மேலே சொன்னது. இன்னொன்று வெளிச்சம். காலண்டுலா விதைக்கு இருட்டு வேண்டும், மேலாகத் தூவிவிட்டால் முளைப்பு குறையும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மண்ணால் மூடி லேசாக அமுக்கிவிடுங்கள். குழித்தட்டு இருந்தால் குழிக்கு இரண்டு விதை, இல்லையென்றால் பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டும் செய்யலாம். முளைக்கும் வரை நிழலில், ஈரம் காயாமல் வைத்திருந்தால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். தலைகாட்டியதும் அன்றைக்கே வெளிச்சத்துக்கு நகர்த்திவிடுங்கள், நிழலிலேயே விட்டால் தண்டு வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

முதலில் வருகிற விதையிலை போக நாலு நிஜ இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். சாயங்காலம் மாற்றுங்கள், இரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டு அப்புறம் வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

நாற்று நன்றாக இருந்தது, திடீரென்று அடியில் கறுத்து விழுந்துவிட்டது.

நாற்றழுகல். நாம் விதைக்கிற நேரம் வடகிழக்குப் பருவமழை நேரம், அதனால் மதுரையில் இந்தச் செடிக்கு முதல் எதிரி மழைதான், வெயில் அப்புறம்தான் வருகிறது. நாற்றுகளைத் திறந்த மொட்டை மாடியில் வைக்காமல் சன்ஷேடுக்குக் கீழே, மழை நேராக அடிக்காத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தண்ணீரைப் பூவாளியில் மேலிருந்து ஊற்றாமல் ஓரமாக விடுங்கள். விதைப்பு மண்ணில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கொஞ்சம் கலந்து வைத்தால் பெருமளவு தப்பிக்கலாம், உரக்கடைகளில் பொடியாகவே கிடைக்கிறது. அழுகல் வந்த நாற்றைக் காப்பாற்ற முயற்சி செய்யாதீர்கள், அதையும் அதைச் சுற்றியிருக்கிற மண்ணையும் எடுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்து நாற்றுகளைப் பாருங்கள்.

எவ்வளவு பெரிய தொட்டி, என்ன மண்?

ஒரு செடிக்கு எட்டிலிருந்து பத்து அங்குலத் தொட்டி. மானாமதுரை மண் தொட்டி கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு, வேர்ப்பகுதி சூடாகாது, தேவைக்கு அதிகமான ஈரத்தையும் தொட்டியே வெளியே விட்டுவிடும். குரோ பேக்கும் பரவாயில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைச் சிமெண்டுத் தளத்தில் நேராக வைக்க வேண்டாம், இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் வையுங்கள்.

மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் தரையில் நடுகிறவர்கள் பாத்தியை அரை அடி உயர்த்தி, மணலும் தொழு உரமும் கலந்து நடுங்கள், கரிசலில் மழைத் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுவிட வழியில்லை. செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி விடுங்கள்.

எவ்வளவு வெயில் வேண்டும்?

காலை வெயில் நாலைந்து மணி நேரம். கார்த்திகை, மார்கழியில் முழு நாள் வெயிலும் பிரச்சினை இல்லை, மாசி பிறந்ததும் மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மாடியில் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, மூன்றடிக் கைப்பிடிச் சுவர் என்றால் நடுப்பகலிலேயே இரண்டடி நீளத்துக்கு வடக்குப் பக்கம் நிழல் விழும். தெற்குச் சுவரை ஒட்டித் தொட்டியை வைத்துவிட்டு ஏன் மொட்டே வரவில்லை என்று கேட்கிறவர்கள் நிறைய. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், மாசியில் வெயில் ஏறும்போது மதியத்துக்கு மேல் நிழல் தருகிற மேற்குச் சுவர் ஓரத்துக்கு நகர்த்துங்கள். பச்சை நிழல் வலை கட்டியிருந்தால் மாசி வரைக்கும் அதைச் சுருட்டியே வைத்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், உப்பு. ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் கவனிக்க வேண்டும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதும் இலை ஓரம் பழுப்பாகக் கருகுவதும் உப்பு ஏறுவதன் அடையாளம். அப்படித் தெரிந்தால் மழைத் தண்ணீரோ மாநகராட்சித் தண்ணீரோ எடுத்து, தொட்டியின் அடி ஓட்டை வழியாக நன்றாக வடிகிற அளவுக்கு ஒரே முறையில் ஊற்றிக் கழுவிவிடுங்கள். நாம் விதைக்கிற நேரமே மழைக்காலம் என்பதால் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்துக்கொண்டால் நாற்றுப் பருவம் முழுவதையும் மழைத் தண்ணீரிலேயே ஓட்டிவிடலாம். மூடாமல் வைக்காதீர்கள், கொசு வந்துவிடும்.

தினமும் ஊற்ற வேண்டுமா என்றால், மண்ணில் விரலை விட்டுப் பார்த்து மேல் ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மார்கழியில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், மாசியில் தினமும் வேண்டியிருக்கும்.

செடி தளதளவென்று இருக்கிறது, பூவே இல்லை.

உரம் அதிகம், குறிப்பாகத் தழைச்சத்து. காலண்டுலா ஏழை மண்ணிலும் பூக்கிற செடி. யூரியா பக்கமே போகாதீர்கள், மண் கலவையில் போட்ட உரமே முதல் மாதத்துக்குப் போதும். மொட்டு தெரிந்ததும் இருபது நாளுக்கு ஒரு தடவை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அல்லது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா. அதற்குமேல் தேவையில்லை.

செடி அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளைகள் வெடித்து வரும். கிள்ளினால் முதல் பூ ஒரு வாரம் பிந்தும், அதைப் பார்க்காதீர்கள், ஒற்றைத் தண்டாக நிற்கிற செடியில் வருகிறதைவிடப் பல மடங்கு பூ வரும்.

மொட்டுக்குக் கீழே பச்சையாக, கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

அசுவினி. காலண்டுலா வளர்த்தால் இது வராமல் இருக்காது, பயப்பட வேண்டியதில்லை. மொட்டின் கழுத்திலும் இளம் இலையின் அடிப்பக்கத்திலும் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும், மொட்டு கோணலாகும், இலை சுருளும்.

முதலில் எறும்பைப் பாருங்கள். தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறி இறங்குகிறது என்றால் மேலே அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். அசுவினி வெளியே விடுகிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, சாப்பிட வருகிற பொறிவண்டை விரட்டுகிறது. அதனால் எறும்பைத் தடுக்காமல் அசுவினியை மட்டும் அடித்துப் பிரயோஜனம் இல்லை. தொட்டியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் கல் வைத்து, கல்லின்மேல் உட்கார வைத்தால் எறும்பு ஏற முடியாது. தட்டுத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிடுங்கள், இன்னொரு கையால் மொட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து காலையில் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கியபிறகு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி தெளியுங்கள். விரிந்த பூவில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேனீ வருகிற இடம் அது.

செடியில் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, முதலைக்குட்டி மாதிரி ஒரு சின்னப் புழு ஊர்ந்தால் தயவுசெய்து கொல்லாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சுப் பருவம், நாள் முழுக்க அசுவினியைத் தின்னும். பார்க்கப் பயமாக இருக்கிறது என்று நசுக்கிவிடுகிறவர்கள் அதிகம், உங்கள் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிற ஆள் அது.

இலையில் வெள்ளையாக மாவு பூசிய மாதிரி இருக்கிறது.

சாம்பல் நோய். பகல் வெயிலும் ராத்திரிப் பனியுமாக இருக்கிற தை, மாசியில் வரும். நெருக்கமாக வைத்த செடியில்தான் அதிகம். தாக்கிய அடி இலைகளைக் கிள்ளி எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம், தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். என்ன நோய் என்று பிடிபடவில்லை என்றால் இரண்டு இலையைப் பறித்துக்கொண்டு ஒத்தக்கடையில் யானைமலைப் பக்கம் இருக்கிற வேளாண்மைக் கல்லூரியில் போய்க் கேளுங்கள், 1965-லிருந்து இருக்கிற கல்லூரி.

சாயங்காலம் பூ மூடிக்கொள்கிறது, வாடுகிறதா?

இல்லை, அதன் குணமே அப்படி. ராத்திரியும் மேகமூட்டமான நாளிலும் இதழ்களை மூடிக்கொள்ளும், காலை வெயில் பட்டதும் விரியும்.

மாலை கட்டலாமா, சாமிக்கு வைக்கலாமா?

சாமிக்குத் தாராளமாக வைக்கலாம். மாலை கட்ட இது சரிப்படாது, காம்பு பிசுபிசுக்கும், இதழ் சுருங்கும், செண்டு மாதிரி கனமாக நிற்காது. குவளையில் தண்ணீர் வைத்துப் போட்டால் நாலைந்து நாள் நன்றாக இருக்கும்.

பூவைச் சாப்பிடலாம் என்கிறார்களே?

இதழ்களைச் சாப்பிடலாம், நடுப்பகுதியும் அடியில் இருக்கிற பச்சையும் கசக்கும், எடுத்துவிடுங்கள். இதழின் நிறம் கொழுப்பில்தான் இறங்கும். கேசரிக்கோ நெய்ச் சோற்றுக்கோ போடுவதாக இருந்தால் உலர்த்திய இதழை நெய்யில் சிறு தீயில் வதக்கி, நெய் மஞ்சளானதும் சேருங்கள். குங்குமப்பூவின் நிறம் வரும், மணம் வராது. நர்சரியில் பூவோடு வாங்கிய செடியின் பூவைச் சாப்பிட வேண்டாம், என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது, உங்கள் வீட்டில் விதையிலிருந்து வந்ததை மட்டும் சாப்பிடுங்கள். சாமந்திக் குடும்பத்துப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடுங்கள்.

காலண்டுலா எண்ணெய் வீட்டிலேயே செய்வது எப்படி?

பனி காய்ந்தபிறகு, காலை பத்து மணிவாக்கில், முழுசாக விரிந்த பூவைப் பறியுங்கள். விரலில் பிசின் ஒட்டும், அந்தப் பிசின்தான் வேண்டும், அதனால் பூவைக் கழுவித் தேய்க்காதீர்கள். நிழலில், துணிமேல் பரப்பி உலர்த்த வேண்டும். இதழ் இரண்டு நாளில் மொறுமொறுப்பாகிவிடும், அதை நம்பி எண்ணெயில் போட்டுவிடக் கூடாது. பூவின் அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் பதிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். ஈரத்தோடு போட்டால் பாட்டிலில் பூஞ்சை வந்துவிடும்.

காய்ந்த பூவைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பாதிவரை போட்டு, பூ மூழ்கும்படி எண்ணெய் ஊற்றி, வெளிச்சம் படாத இடத்தில் நாலு வாரம் வைத்து, அவ்வப்போது குலுக்கி, பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தேங்காய் எண்ணெய் மார்கழி, தைக் குளிரில் உறைந்துபோகும், அதனால் நல்லெண்ணெயில் போடுவது வசதி.

வறண்ட தோலுக்கும் பாதவெடிப்புக்கும் தடவலாம். தோலில் வரும் சிறு அழற்சிக்கும் சின்னக் காயத்துக்கும் காலண்டுலாப் பூவை ஐரோப்பிய மருந்து முகமை பாரம்பரியப் பயன்பாடு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆழமான காயம், தீப்புண், சர்க்கரை நோயாளியின் கால்புண் இதற்கெல்லாம் டாக்டரிடம் போங்கள், இந்த எண்ணெயை வைத்துப் பார்க்காதீர்கள். முதல் தடவை முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒருநாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். செண்டுப்பூவை இதற்குப் பதிலாகப் போடக் கூடாது.

தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தால் வேரைத் தாக்குகிற நூற்புழு போகுமாமே?

அது செண்டுச் செடியின் வேலை, அதன் வேரிலிருந்து வருகிற பொருள் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். காலண்டுலாவை அதற்காக நடாதீர்கள். தேனீயையும் பொறிவண்டையும் தோட்டத்துக்குக் கூட்டிவருவதற்காக நடலாம், அதை நன்றாகச் செய்யும்.

பங்குனியில் செடி காய்கிறது, காப்பாற்ற முடியுமா?

விட்டுவிடுங்கள். இது ஒரு பருவச் செடி, பங்குனி வெயிலில் பூ சிறுத்து, இலை மஞ்சளாகி, அசுவினியும் மாவுப்பூச்சியும் சேர்ந்துகொள்ளும், அதை வைத்திருந்தால் பக்கத்துச் செடிக்கும் பரவும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் பிடுங்கிவிட்டு அதே தொட்டியில் மண்ணைக் கிளறி டேபிள் ரோஸோ நித்யகல்யாணியோ செண்டோ வையுங்கள், அவை நம்ம கோடைக்கென்றே இருக்கிறவை.

அடுத்த வருஷத்துக்கு விதை எடுப்பது எப்படி?

பூ தொடர்ந்து வேண்டும் என்றால் வாடிய பூவை அன்றன்றைக்குக் காம்போடு கிள்ளிவிட வேண்டும், விதை வைத்துவிட்டால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் மாசி பாதிவரை கிள்ளிக்கொண்டே வந்து, அதற்குமேல் நல்ல செடியாக ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்துக் கிள்ளாமல் விடுங்கள். சூட்டிலும் பூ சிறுக்காமல் நின்ற செடியில் விதை எடுப்பதுதான் நல்லது. இதழ் உதிர்ந்ததும் விதைகள் பச்சையாக வட்டமாகச் சுருண்டு நிற்கும், பழுப்பாகும்வரை காத்திருங்கள், முழுக்கக் காய்ந்தால் காற்றில் உதிர்ந்துவிடும், அதனால் விரல் பட்டதும் கழன்று வருகிற பதத்தில் எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, மேலே ரகத்தையும் வருஷத்தையும் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மதுரைக் கோடையில் மாடிப்படிக்கு அடியிலோ சமையலறைப் பரணிலோ வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஐப்பசிக்கு அப்படியே எடுத்து விதைக்கலாம்.